துத்தநாகம் நீங்கலாக: டயர் எரிப்பு பற்றிய 1997 அறிக்கையின் மறுவாசிப்பு

கழிவு டயர்களை எரித்து, புகைவாயுவின் வெப்பத்தில் நீராவி எழுப்பி மின்சாரம் எடுப்பது தொழில்நுட்ப அளவில் தீர்ந்துபோன கேள்வி என்றும், அதற்கென்றே கட்டப்பட்ட ஆலைகள் மூடப்பட்டதற்கு மின்விலையும் உள்ளூர் எதிர்ப்புமே காரணம் என்றும் ஒரு கருத்து இத்துறையில் நெடுநாளாக நிலைத்திருக்கிறது. அக்கருத்தின் அடித்தளமாகக் காட்டப்படுவது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997 அக்டோபரில் வெளியிட்ட, டயர் எரிப்பின் காற்று உமிழ்வுகள் பற்றிய அறிக்கை. அந்த அறிக்கை இவ்வளவு பாரத்தைத் தாங்காது என்பது என் வாதம்.

அறிக்கையின் முடிவு எளிமையானது. துத்தநாகம் நீங்கலாக, டயர் எரிபொருளின் உமிழ்வுகள் வழக்கமான புதைபடிவ எரிபொருள்களின் உமிழ்வுகளிலிருந்து அதிகம் வேறுபட வாய்ப்பில்லை; ஆனால் உலை நன்றாக வடிவமைக்கப்பட்டு, நன்றாக இயக்கப்பட்டு, நன்றாகப் பராமரிக்கப்பட வேண்டும். பின்னால் வந்தவர்கள் இதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தலையில் உள்ள விலக்கும் வாலில் உள்ள நிபந்தனையும் அடிக்குறிப்புக்குப் போயின, பல இடங்களில் அங்கும் இல்லை.

முதலில் நிபந்தனையைப் பார்ப்போம். முடிவுக்கு ஆதாரமான சோதனைகளில் முக்கியமானது, 73 கிலோவாட் திறனுள்ள ஒரு சுழலுலை மாதிரியில் நடந்தது. அதில் போடப்பட்டது முழு டயர் அல்ல. கம்பி நீக்கி, கால் அங்குலத்துக்கும் சிறிதாகப் பொடித்த ரப்பர். சீராக ஊட்டும்போது எரிப்பு ஒழுங்காக நடந்தது. திடீர் ஊட்டலும் நிலையற்ற எரிப்பும் உமிழ்வைக் கூட்டும் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆனால் கலிபோர்னியாவின் வெஸ்ட்லியில் 1987இல் இயங்கத் தொடங்கிய மொடெஸ்டோ ஆலை முழு டயர்களை அப்படியே தட்டுலையில் தள்ளியது. டயரின் எடையில் பாதிக்கு மேல் எளிதில் ஆவியாகும் பொருள். குளிர்ந்த முழு டயர் ஒன்று உலைக்குள் விழும் ஒவ்வொரு முறையும் அந்த ஆவி ஒரே வீச்சில் எழுந்து, அந்த இடத்து ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. ஆகவே சோதனை உலை தவிர்க்கச் சொன்ன நிலைதான் முழு டயர் உலையின் அன்றாட நிலை. பெரிய உலையில் பல டயர்கள் ஒரே நேரத்தில் எரிவதால் இந்த வீச்சுகள் ஓரளவு ஒன்றையொன்று சமன் செய்யும் என்பதை மறுக்கவில்லை. எந்த அளவுக்கு என்பதைப் பொடி ரப்பர் சோதனையிலிருந்து ஊகிக்க முடியாது என்கிறேன்.

மொடெஸ்டோ போன்ற ஆலைகளின் புகைபோக்கி அளவீடுகளும் அறிக்கையில் உண்டு. அவை குறைவாகவே இருந்தன. ஆனால் அங்கே உலைக்குள் அம்மோனியா தெளிப்பு, பிறகு பைவடிகட்டி, பிறகு சுண்ணாம்புக் கழுவி என்று மூன்று காவல்கள் நின்றன. கிடைத்த எண்கள் காவலின் தரத்தைச் சொல்கின்றன, எரிபொருளின் தரத்தை அல்ல.

இனி விலக்கு. என் கருத்தில் அறிக்கையின் உண்மையான கண்டுபிடிப்பு அதுவே. டயரின் எடையில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு துத்தநாகம் என்று கொள்வோம். ஒரு டன்னில் 15 கிலோ. ஆக்சைடாகும்போது 18 கிலோவுக்கு மேல். பெரும்பாலான நிலக்கரிகளில் அது டன்னுக்குச் சில பத்து கிராம்தான். டயரின் வெப்பமதிப்பு கிலோவுக்குச் சுமார் 32 மெகாஜூல் என்பதையும் கணக்கில் சேர்த்து, ஒரே அளவு வெப்பத்துக்கு ஒப்பிட்டாலும் வேறுபாடு இருநூறு மடங்கைத் தாண்டுகிறது. கந்தகத்தில் இப்படியில்லை. 1.5 விழுக்காடு கந்தகமுள்ள டயர் ஒரு மெகாஜூலுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கந்தக டையாக்சைடு தருகிறது. நடுத்தர நிலக்கரியும் அதே அளவில்தான். கந்தகத்தைப் பற்றி எழுந்த கூச்சல் துத்தநாகத்தைப் பற்றி எழாதது வியப்புதான்.

இது உமிழ்வுக் கணக்கோடு முடிவதில்லை. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதிக்கும். டயர் உலையின் வெப்பம் 1,000 பாகைக்கு மேல். தட்டின் மேல், கரி மிகுந்து ஆக்சிஜன் குறைந்த இடத்தில் துத்தநாக ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து உலோகமாகி ஆவியாகிறது. மேலே காற்றைச் சந்தித்ததும் மீண்டும் ஆக்சைடாகி, மைக்ரானுக்கும் நுண்ணிய வெண்துகளாகப் புகைவாயுவோடு பயணிக்கிறது. பைவடிகட்டி இருப்பதோ கொதிகலனுக்குப் பின்னால். வெப்பத்தை வாங்க வேண்டிய குழாய்களைக் கடந்த பிறகே துகள் பிடிபடுகிறது. வழியில் ஒரு பகுதி குழாய்களிலேயே படியும். படிவு கூடக்கூட வாயு சூடாகவே வெளியேறும். கொதிகலன் இயக்குவோர் அறிந்த கணக்கு: வெளியேறும் வாயுவின் வெப்பநிலை 22 பாகை கூடினால் திறனில் ஒரு விழுக்காடு போகும். மறுமுனையில், வாயுவை விரும்பிய அளவு குளிர்விக்கவும் முடியாது. கந்தக அமிலம் திரவமாகிக் குழாயை அரிக்கும். மேலே துத்தநாகம், கீழே கந்தகம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பமே மீட்கத்தக்கது. 73 கிலோவாட் சோதனை உமிழ்வை அளக்க நடந்தது, நீராவி எழுப்ப அல்ல. எனவே இதைப் பற்றி அது எதுவும் சொல்ல இயலாது.

துத்தநாகச் சாம்பலை உலோக மீட்புக்கு விற்கலாமே என்பார்கள். விற்கலாம், மொடெஸ்டோ விற்றது. அது குழாயைக் கடந்து வந்த சாம்பல். வடிகட்டிகள் இன்று மேம்பட்டுவிட்டன என்ற பதிலும் புகைபோக்கிக்கே பொருந்தும், கொதிகலனுக்கு அல்ல.

சிமெண்ட் சூளையை இங்கு ஒப்பிடுவது நியாயம். அங்கே வெப்பம் நீராவி வழியாகச் சுற்றிவராமல் சுமார் 1,450 பாகையில் கிளிங்கரை உருவாக்க நேராகப் பயன்படுகிறது. சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடிக்கிறது; டயர்க் கம்பி இரும்புத் தாதுக்கு ஈடாகிறது; துத்தநாகத்தின் பெரும்பகுதி கிளிங்கரில் அடங்கிவிடுகிறது. அளவு மிஞ்சினால் சிமெண்ட் இறுகுவது தாமதப்படும் என்பதால் அங்கும் வரம்பு உண்டு. இந்தியச் செங்கல் சூளைகளில் டயர் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடுத்தது இந்த வேறுபாட்டை அறிந்தோருக்கு வியப்பளிக்காது. சூளை என்ற பெயர் ஒன்றானாலும் அறிக்கையின் நிபந்தனையை நிறைவேற்றும் எதுவும் அங்கில்லை.

வெஸ்ட்லியின் வரலாற்றையும் மின்விலையோடு முடித்துவிட இயலாது. ஆலைக்கு அருகிலிருந்த டயர்க் குவியலைத் தீர்ப்பதே அதன் நோக்கங்களில் ஒன்று. 1999 செப்டம்பர் 22 அன்று அக்குவியலில் இடி விழுந்து, தீ அணைய ஏறத்தாழ ஒரு மாதமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் எரித்தும் பல லட்சம் டயர்கள் அங்கே மிஞ்சியிருந்தன. மின்விலை காரணமல்ல என்று சொல்லவில்லை; கொதிகலனின் கணக்கைத் திறந்து பார்க்கும்வரை அதை ஒரே காரணமாக ஏற்க முடியாது.

புதிய டயர் மின்னாலைத் திட்டத்தை முன்வைப்போர் புகைபோக்கி அளவீட்டோடு நிறுத்தாமல், ஒரு டன் டயருக்கு எழுந்த நீராவி, கொதிகலனை விட்டு வெளியேறிய வாயுவின் வெப்பநிலை, குழாய் துப்புரவுக்காக உலை நின்ற நாட்கள் ஆகிய மூன்றையும் ஓராண்டுக்கேனும் தர வேண்டும். அவை இல்லாத விண்ணப்பத்தை ஆற்றல் மீட்புத் திட்டமாக ஏற்கக்கூடாது.