கண்மாய்க்கு எதுக்கு ஹிஸ்ட்ரி?

தீபாவளிக்கு ஊருக்குப் போனா ரெண்டு விஷயம் கண்டிப்பா நடக்கும். ஒண்ணு, "உங்க ஊர்தானே, எனக்கும் ஒரு பாக்ஸ் வாங்கிட்டு வாடா"ன்னு ஆபீஸ்ல ஆளாளுக்கு லிஸ்ட் கொடுப்பாங்க. (பஸ்ல பட்டாசு கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னா எவனும் நம்புறதில்லை.) ரெண்டாவது, மாமா வீட்டுக்கு வந்து யார் யார் என்ன படிக்கிறாங்கன்னு கணக்கெடுப்பார்.

ரெண்டு வருஷம் முன்னாடி மாட்டினது சித்தப்பா மகள். பி.ஏ. ஹிஸ்ட்ரி.

"ஹிஸ்ட்ரி படிச்சு என்னத்த மாப்ள செய்யப் போறா? உன்னைய மாதிரி ஒரு பி.இ.ல சேத்து விட்டிருக்கலாம்ல?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தங்கச்சி ஒண்ணும் சொல்லாம தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா. இந்தப் பதிவு அந்தச் சிரிப்புக்கு நான் செய்ற பரிகாரம்னு வச்சுக்கோங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிவகாசின்னா பட்டாசு. ஆனா பட்டாசு ஏன் இங்க வந்துச்சுன்னு நம்மள்ல எத்தனை பேர் யோசிச்சிருப்போம்? 1922-ல ப. அய்யநாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்த கதை எங்க ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தீப்பெட்டிக்குப் பின்னாடி பட்டாசு, லேபிள் அடிக்கப் போய் அச்சுத்தொழில். அவங்க உழைப்பு பெருசு, அதுல சந்தேகமில்லை. ஆனா அதுக்குப் பின்னாடி இன்னொரு காரணமும் இருக்கு. இது வானம் பார்த்த பூமி. வருஷத்துக்குச் சுமாரா 800 மி.மீ. மழை, அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துட்டுப் போயிரும். மருந்து காயறதுக்கு நல்ல வெயில், வேலைக்கு வர விவசாயம் பொய்த்த குடும்பங்கள். தொழில் வேர் பிடிச்சது இந்தக் காய்ஞ்ச மண்ணுலதான்.

அப்போ அதுக்கு முன்னாடி ஆயிரம் வருஷமா இங்க ஜனங்க எப்படிப் பிழைச்சாங்க?

கண்மாய். வேற பதிலே கிடையாது. கொட்டுற ரெண்டு மாச மழையைப் பிடிச்சு வச்சு மிச்ச மாசத்தை ஓட்டணும். ஒரு கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சா அந்தத் தண்ணி அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, அங்கிருந்து அதுக்கும் அடுத்ததுக்கு. தண்ணி உள்ள வர வரத்துக்கால், வயலுக்கு வெளிய போக மடை, மிஞ்சினது வழிய கலுங்கு. கோடையில வண்டலை அள்ளி புஞ்சையில போட்டா கண்மாயும் ஆழமாகும், நிலத்துக்கும் உரம். இதுல ஒண்ணு கெட்டாலும் சங்கிலி அறுந்திரும்.

சாத்தூர் பக்கம் எருக்கங்குடியில ஒரு கல்வெட்டு இருக்கு. ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலம். இருப்பைக்குடி கிழவன் எட்டி சாத்தன்னு ஒருத்தர் இந்த வட்டாரத்துல என்னென்ன ஏரி வெட்டினார், என்னென்ன கோயில் கட்டினார்னு அதுல பட்டியல் இருக்கு. (கிழவன்னா வயசானவர் இல்லைங்க, ஊருக்கு உரியவர், தலைவர்.) ஏரி வெட்டுறது ஒரு வேலை. எங்க வெட்டினோம், அதுக்குப் பேர் என்னன்னு கல்லுல எழுதி வைக்கிறது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு இன்னைக்கு என்னை மாதிரி பி.இ. படிச்சவங்க இருக்காங்க. ரெண்டாவது வேலையைப் படிச்சுச் சொல்றதுக்கு, மாமா சிரிச்ச அந்தப் படிப்பு படிச்சவங்கதான் வேணும்.

கல்லுல மட்டுமில்லை, ஊர்ப் பேர்லயும் தண்ணி இருக்கு. மல்லாங்கிணறு, ஆனைக்குட்டம், நரிக்குடி பக்கம் போனா ஏந்தல்னு முடியற ஊருங்க. குட்டம்னாலும் ஏந்தல்னாலும் நீர்நிலைதான். பஸ் போர்டுல தினமும் படிக்கிறோம், அர்த்தம்தான் மறந்து போச்சு.

பழசெல்லாம் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. குடிமராமத்துன்னா ஊர் கூடி கண்மாயைப் பராமரிக்கிறதுன்னு இனிப்பா சொல்லுவோம். ஆனா 1858-ல வெள்ளைக்காரன் மெட்ராஸ் மாகாணத்துல அதுக்குக் கட்டாய வேலைச் சட்டம் போட்டான். எல்லாரும் சந்தோஷமா வந்து மண் வெட்டியிருந்தா சட்டம் எதுக்கு? எங்க ஊர்லயே முங்கி மடை திறந்தவங்க வேற, அந்தத் தண்ணியில நெல்லு விளைஞ்சவங்க வேற. அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் வரலாறு. 2017-ல குடிமராமத்துன்ற அதே பேர்ல அரசாங்கத் திட்டம் வந்தப்போ, பேர் மட்டும் வந்தாப் போதுமா, யார் வேலை, யார் பலன்னு கேக்க இந்த வரலாறு தேவைப்பட்டுச்சு.

இப்போ கி.ரா. சாத்தூர்ல இருந்து கோவில்பட்டியைத் தாண்டினா அவரோட இடைசெவல். எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன், சம்சாரி. கரிசல் சனங்க பேசற வார்த்தைகளை வருஷக்கணக்கா சேர்த்து 1982-ல வட்டார வழக்குச் சொல்லகராதியா கொண்டு வந்தார். மண்ணுக்கு, மாட்டுக்கு, பயிருக்கு, மழைக்குன்னு புழங்கின சொற்கள். காலேஜ்ல இருந்தப்போ, இதை எல்லாம் யார் தேடப் போறாங்கன்னு நினைச்சேன். 2021 மே மாசம் அவர் போன அன்னைக்கு ஊர்ப் பெருசுங்க மாதிரி எனக்கும் மனசு கனத்துச்சு, ஆனா ஏன்னு சொல்லத் தெரியலை. இப்போ தெரியுது.

எப்படின்னு சொல்றேன்.

எங்க ஊர்க் கண்மாயைத் தூர் வாரினாங்க. யார் வாரினா, எவ்வளவுக்கு வாரினாங்கன்றது இங்க வேணாம். பொக்லைன் வந்துச்சு, ஆழமா வெட்டுச்சு, போட்டோ எடுத்தாங்க. அந்தக் கார்த்திகையில நல்ல மழை. மேல இருக்கிற ஊர்க் கண்மாய் மறுகால் பாஞ்சுச்சு. எங்க கண்மாய்ல கணுக்கால் அளவு தண்ணிகூட இல்லை. தண்ணி ரோட்டோரமா ஓடி வீணாப் போச்சு.

நான் பெங்களூர்ல உக்காந்து சாட்டிலைட் மேப்பைப் போட்டு ரெண்டு நாள் பார்த்தேன். பச்சையாத் தெரிஞ்சுது. சீமைக்கருவேலம். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு மேப்புக்கு எப்படித் தெரியும்?

தங்கச்சிக்கு அப்போ காலேஜ்ல ஒரு பிராஜெக்ட், ஊர்ப் பெரியவங்க கிட்ட பேசி எழுதணும். அவ அப்பத்தாகிட்ட உக்காந்து புஞ்சைப் பேரெல்லாம் எழுதிக்கிட்டிருந்தா. கலுங்கடி, மடைக்காடு, ஆவாரங்காடு...

"அந்த பிளாட் போட்டுருக்காகள்ல, அது வரத்துக்கால் புஞ்சைத்தா" அப்படின்னுச்சு அப்பத்தா.

"அங்க ஏது அப்பத்தா வரத்துக்கால்?"

"இப்ப இல்ல. நா வாக்கப்பட்டு வந்தப்ப இருந்துச்சு. துணி அலசிருக்கேன்."

அவ்வளவுதான். அவ அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டு பழைய கிராம வரைபடமும் பதிவேடும் தேடினா. வாய்க்கால் புறம்போக்குன்னு தெளிவா கோடு போட்டிருக்கு. பாதி கருவேலங்காட்டுக்குள்ள, பாதி பிளாட்டுக்கு அடியில. கிராம சபையில எழுந்து நின்னு படிச்சா. மாமாவும் அங்க இருந்தார், சிரிக்கலை :-)

எங்க தொழில்ல இது தினமும் நடக்கறதுதான். யாரோ எழுதிட்டுப் போன பழைய கோடு, கமென்ட் கிடையாது. ஒரு வரி எதுக்குன்னு புரியலைன்னு தூக்கிட்டா, வேற எங்கயோ சிஸ்டம் படுத்துரும். வரத்துக்கால்ன்ற சொல்லு அப்படி ஒரு கமென்ட். அதை அழிச்சவங்களுக்கு என்ன அழிக்கிறோம்னே தெரியலை.

வட இந்தியாவுல அனுபம் மிஸ்ரான்னு ஒருத்தர், இந்திக் கவிஞர் பவானி பிரசாத் மிஸ்ராவோட மகன். 1993-ல குளங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார், யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம்னு உரிமையையும் விட்டுட்டார். பம்ப்செட் கணக்கு கிடையாது. குளத்தோட பேர்கள், வெட்டினவங்க, அவங்க பேசின சொற்கள், இதான் அதுல நிறைய. அதைப் படிச்சுட்டு ஊருங்க குளத்தைத் திரும்ப வெட்டியிருக்கு. நம்ம ஊர்ல பொதுப்பணித்துறை இன்ஜினியரா இருந்த பழ. கோமதிநாயகம் தமிழகப் பாசன வரலாற்றை எழுதினார். இன்ஜினியருக்கு எதுக்கு வரலாறுன்னு அவர் கேக்கலை.

கதை சுபம்னு முடிக்க ஆசைதான். கருவேலங்காட்டுப் பக்கம் வாய்க்காலை வெட்டியாச்சு. பிளாட் பக்கம் பேச்சுவார்த்தையிலயே நிக்குது. போன மழைக்கு முழங்கால் அளவு தண்ணி வந்துச்சு. சித்தப்பா இப்பவும் பட்டாசு ஆலைக்குத்தான் போறார். ஒவ்வொரு நாளும் அவர் சைக்கிள் சத்தம் கேக்குற வரைக்கும் சித்தி வாசல்லயே நிக்கிறாங்க. கண்மாய் பெருகினா எல்லாரும் அந்த வேலையை விட்டுருவாங்கன்னு நான் சொல்லலை. ஆனா வேற வழியில்லாம போறதும், வழியிருந்தும் போறதும் ஒண்ணில்லையே.

அப்பத்தா போன தை மாசம் தவறிட்டாங்க. தங்கச்சி நோட்டுல மொத்தம் இருபத்தி மூணு புஞ்சைப் பேர் இருக்கு. அதுல ஆறு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியலை. இன்னும் கொஞ்சம் முன்னாடியே கேட்டிருக்கலாம்.

உங்க வீட்டுல பெருசுங்க இருந்தா, இந்த லீவுக்குப் போறப்போ ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. பட்டாசு பாக்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம்.