மலையகத்தின் இருளும் ஒளியும்: ஒரு வரலாற்று நோக்கு

இரவு வானத்தைச் செயற்கை ஒளியிலிருந்து காத்தல் வேண்டும் என்னும் குரல் இன்று வலுப்பெற்று வருகின்றது. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகர் தன் வானாய்வு நிலையத்தின் பொருட்டு 1958இலேயே வானை நோக்கிப் பாய்ச்சப்படும் விளம்பர ஒளிக்கற்றைகளைத் தடைசெய்தது. மனித குலத்தின் மூன்றிலொரு பங்கினர் தாம் வாழுமிடத்திலிருந்து பால்வீதியைக் காணவியலாதவர் என 2016இல் வெளியான உலக வரைபடம் காட்டிற்று. 2022இல் லடாக்கின் ஹான்லே இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோரிக்கை நியாயமானதே. ஆயின் இதனை நுவரெலியா, ஹட்டன் தோட்டப்புறங்களுக்குப் பொருத்த முனைவோர் முதலில் ஒரு வினாவை எதிர்கொண்டாக வேண்டும். அங்கு இருள் யாருக்கு விதிக்கப்பட்டது? ஒளி யாருக்கு வழங்கப்பட்டது?

தொல்காப்பியம் குறிஞ்சிக்குரிய சிறுபொழுதாக யாமத்தை வகுத்தது. மலையும் நள்ளிரவும் இணைந்த அவ்வழகியலைத் தேயிலை மலைகள் மீது ஏற்றிப் பார்க்கும் இரசனை நம்மிடையே இன்னும் உண்டு. ஆனால் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக இட்ட பின்னர் உருவான மலைச் சமூகத்தில் பொழுதை வகுத்தது திணை மரபன்று, உற்பத்தியே ஆகும். விடியுமுன் தப்பு முழங்கும், லயங்கள் எழும், வெளிச்சம் பரவுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பர். பகல் முழுதும் தோட்டத்திற்குரியது. தொழிலாளிக்கு எஞ்சியது இரவொன்றே.

அவ்விரவிலும் ஒளி வர்க்க அடிப்படையிலேயே பங்கிடப்பட்டது. பல தோட்டங்களில் ஓடைநீரால் இயங்கும் சிறு சுழலிகள் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் மின்சாரம் தந்தன; பெரும்பாலும் சாளரமற்ற லயத்துக் காம்பராவில் குப்பி விளக்குப் புகைந்தது. இம்மலைகளின் நீர்வலுவை நாட்டுக்குப் பயன்படுத்தலாம் என 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னரே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனி அத்தியாயங்களில் எழுதுவது நம் வரலாற்றாசிரியர் வழக்கம். ஒரே மலையிலிருந்து மின்சாரம் கொழும்பை நோக்கி இறங்கிய காலமும் அம்மலையின் மக்கள் தேசத்திலிருந்து வெளியேற்றப்பட்ட காலமும் ஒன்றே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. காசல்றீ (1965), மவுசாக்கலை (1969) நீர்த்தேக்கங்கள் அடுத்து வந்தன. மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரே மூழ்கிற்று; நீர் வற்றுங்கால் அதன் வழிபாட்டிடங்களின் சிதைவுகள் இன்றும் வெளித்தெரியும். உயர் அழுத்தக் கம்பிகள் லயக் கூரைகளுக்கு மேலாகச் சென்றன. லயங்களுள் மின்விளக்கு பரவலாக எரிந்ததோ பல தசாப்தங்களின் பின்னரே.

எனினும் அவ்விருள் வெறும் இன்மை மட்டுமன்று. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் நடப்படும். வளர்பிறையுடன் கூத்தும் வளர்ந்து, காமன் எரியும் இரவில் விடியும்வரை நிகழும். வானமே அதன் நாட்காட்டி. தீவட்டியும் பின்னாளில் பெற்றோமாக்சும் ஆடுகளத்தை மட்டுமே ஒளிரச் செய்தன. கூத்தை ஆய்வோர் பாடலையும் வேடத்தையும் கருதும் அளவுக்கு, அது நிகழ்ந்த இரவைக் கருதுவதில்லை. துரையும் கங்காணியும் கணக்கெடுக்காத ஒரே பொழுதில்தான் இக்கலை தழைத்தது.

இன்று அவ்வானம் வெளிறி வருகின்றது. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் மார்கழியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை நீள்கின்றது. ஹட்டன் வழிப் படிக்கட்டுகளில் விளக்குகள் இரவு முழுதும் எரிகின்றன. மேற்குச் சரிவுகளில் வானம் தெளிந்திருக்கும் பருவமும் பெரும்பாலும் இதுவே. மலைப் பனிமூட்டத்தின் நுண்துளிகள் ஒளியைச் சிதறடித்துப் பரப்புவதால் சிறிய விளக்கும் தொலைவுவரை வானை மங்கச்செய்யும். யாத்திரிகருக்கு ஒளி தேவை. அது அவர்தம் தலைக்கு மேல் தேவையில்லை.

ஆதலின் இருளைக் காப்பதென்பது விளக்கை மறுப்பதன்று. கீழ்நோக்கி மட்டும் ஒளிவீசும் மூடியிட்ட விளக்கு, நீலக்கதிர் குறைந்த மஞ்சள் நிறம், தேவையற்ற நேரத்தில் அணைக்கும் கருவி ஆகியன போதும். இவற்றை எவர்மீது முதலில் விதிப்பது என்பதே அரசியல். 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது; பழைய பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகள். நட்சத்திரம் காண வரும் விருந்தினருக்காக லயத்து விளக்கை மங்கவைக்கும் யோசனையை நாம் ஏற்கவியலாது. மஸ்கெலியா, நோர்வூட் பகுதிகளில் சிறுத்தை நடமாடுகின்றது. லயத்துக்கு வெளியேயுள்ள கழிவறைக்கு இரவில் செல்லும் பெண்ணுக்கு வழிவிளக்கு உயிர்க்காப்பு. முற்றத்து அலங்கார விளக்குகளையும் தொழிற்சாலைச் சுற்றொளியையும் முதலில் மூட வேண்டியவர் விடுதி உரிமையாளரும் கம்பனியினருமே. அதன் செலவும் அவர்களுடையதே.