திரையில் ஊமையாக்கப்பட்ட தங்கவயல்

கோலார் தங்கவயலைப் பற்றி இன்றைய தலைமுறை அறிந்தவற்றில் பெரும்பகுதி திரையிலிருந்து வந்ததே. 2018 டிசம்பரில் ‘கே.ஜி.எஃப்’ முதல் பாகமும், 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகமும், 2024 ஆகஸ்ட் 15 அன்று பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ படமும் வெளியாயின. திரையரங்குகளோடு நில்லாமல் தொலைக்காட்சியிலும் இணையத் திரையிலும் இவை வீடுதோறும் சென்று சேர்ந்தன. இவற்றைப் பார்த்த கையோடு, 1998இல் வெளிவந்த இரண்டு ஆய்வு நூல்களையும் படிப்பது பயன் தரும். ஒன்று, ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’. மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளர் வரலாற்றைக் கூறுவது. மற்றொன்று, ஞா. அலாய்சியஸின் ‘ரிலிஜன் ஆஸ் எமான்சிபேட்டரி ஐடென்டிட்டி’. தமிழ்ப் பௌத்த இயக்கத்தை ஆராய்வது. திரையில் தெரியும் தங்கவயல் மக்களும் இந்நூல்களில் காணப்படும் மக்களும் ஒரே ஊரினர்தாமா என்ற ஐயம் எழும் அளவுக்கு இவற்றிடையே வேறுபாடு உண்டு.

பிரசாந்த் நீலின் படம் ‘நராச்சி’ என்னும் கற்பனைச் சுரங்கத்தைக் காட்டுகிறது. தங்கம் 1951இல் கண்டெடுக்கப்படுகிறது. ஒரு குடும்பம் அதை உலகுக்கு மறைக்கிறது. பிடித்துவரப்பட்ட மக்கள் அடிமைகளாக மடிகின்றனர். வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து அவர்களை விடுவிக்கிறான். கற்பனைக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் படம் தாங்கியிருப்பது உண்மையான ஊரின் பெயர். அவ்வூரின் சுரங்கம் எவரும் மறைத்து வைத்ததன்று. 1875இல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் இலண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. 1902இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் இங்கு வந்தது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசுடைமையாயின. பின்னர் நடுவண் அரசின்கீழ் வந்து, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாயின. கொடுமை இங்கு இருந்தது. அது பங்குதாரர்களும் சட்டங்களும் கணக்கேடுகளும் கொண்ட கொடுமை.

அக்கொடுமையின் ஆழத்தைச் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் காட்டும். ஏறத்தாழ 3,200 மீட்டர் வரை இறங்கிய இச்சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியது. அழுத்தம் தாளாமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும், கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாவதும் அன்றாட அச்சங்கள். 1940களில் நடந்த மருத்துவ ஆய்வொன்றில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 40 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. அதே ஆழத்தை அறிவியலும் பயன்படுத்திக்கொண்டது. 1965இல் சாம்பியன் ரீப்ஸில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் இணைந்து வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். எந்தக் கற்பனைச் சுரங்கத்திலும் இல்லாத வியப்பு இது. திரை இதனை இன்னும் தொடவில்லை.

இச்சுரங்கங்களில் இறங்கியோரில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். இவர்கள் விடுவிப்போன் வருவான் என்று காத்திருக்கவில்லை என்பதற்கு ஜானகி நாயரின் நூல் சான்று தருகிறது. 1930இல் தொழிலாளர்கள் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டது. குற்றவாளிகளைப் போல ரேகை பதிக்க மறுத்து ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முறையான தொழிற்சங்கம் உருவாகாத காலத்தில் நிகழ்ந்தது இது. கூலி உயர்வைவிடத் தன்மதிப்பே அப்போராட்டத்தின் உயிராக இருந்தது.

அத்தன்மதிப்பு எங்கிருந்து முளைத்தது என்பதை அலாய்சியஸின் நூலோடு சேர்த்துப் படிக்கும்போது உணரலாம். அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய தென்னிந்திய பௌத்த சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் வேரூன்றியது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914இல் மறைந்து சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 1926இல் அதற்கு மறுவாழ்வு தந்தது தங்கவயல். ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியரானார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியது. நிர்வாகம் கட்டைவிரலைக் கேட்ட அதே ஆண்டுகளில், அம்மக்கள் நடுவே ஒரு வார இதழ் நடந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் அயோத்திதாசரை ஆய்வுலகம் மீட்டெடுத்ததற்கும் இத்தொழிலாளர் குடியிருப்புகள் காத்துவைத்த ஏடுகள் துணைநின்றன.

இவ்வரலாற்றுக்கு நெருங்கி வந்த படம் ‘தங்கலான்’. வடஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து மக்கள் தங்கத்தைத் தேடிப் புறப்படுவதையும், நிலமிழந்தோரின் உழைப்பில் துரைமார் பொருளீட்டுவதையும் அது காட்டுகிறது. புத்தர் சிலையை அக்கதையின் நடுவே வைத்தது வெறும் அலங்காரமன்று. தங்கவயலின் பௌத்த நினைவை அறிந்தவர் செய்த தேர்வு. ஆனால் பிற்பகுதியில் மாயமும் கனவும் மிகுந்து வரலாற்றின் மேல் கவிகின்றன. மேலும், கதை நிகழும் காலம் பெருஞ்சுரங்கங்கள் தோன்றுவதற்கு முந்தையது. ஆழ்சுரங்கமும் வேலைநிறுத்தமும் அச்சகமும் அதன் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன.

நூல்களிலும் குறை உண்டு. இரண்டுமே ஆங்கிலத்தில், ஆய்வாளருக்காக எழுதப்பட்டவை. தமிழில் இதழ் நடத்திய மக்களின் வரலாற்றைத் தமிழ் வாசகர் ஆங்கிலத்தின் வழியே அறிய வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. அந்த இடைவெளியில்தான் நராச்சி போன்ற கதைகள் எளிதாக வரலாறாகிவிடுகின்றன.

இதன் விளைவு பொழுதுபோக்கோடு முடிவதில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்றும் விடியுமுன் தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ‘கே.ஜி.எஃப்’ படத்தின் பின்னணியாக விளங்கிய சயனைடு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அம்மேடுகளின் தூசியைச் சுவாசித்து வாழும் குடும்பங்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய காலம் இது. ஊமை அடிமைகளாகவே அவர்களைக் கண்டு பழகிய நாட்டுக்கு, அவர்களிடமும் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழாது. அடுத்து தங்கவயலைப் படமாகவோ தொடராகவோ எடுப்பவர் 1930ஆம் ஆண்டின் அந்த மூன்று வாரங்களிலிருந்து தொடங்கலாம்.