முகப்பருவிற்கு ட்ரெட்டினாயின் கிரீம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருக்க வேண்டியவை

ட்ரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஒரு பூச்சு மருந்தாகும். முகப்பருவிற்கு மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இதனைப் பரிந்துரைத்து வருகின்றனர். இம்மருந்து மெதுவாகவே பலன் தரும். தொடக்கத்தில் தோல் வறண்டு உரிவதையும் பருக்கள் சற்று அதிகரிப்பதையும் கண்டு, பலர் சில வாரங்களிலேயே இதனை நிறுத்திவிடுகின்றனர். சிலர் விரைவான பலனை நாடி ஸ்டீராய்டு கலந்த கிரீம்களுக்கு மாறி, நீண்டகாலப் பாதிப்பிற்கு உள்ளாகின்றனர். மருந்தை முறையாகப் பயன்படுத்துவதற்கான வழிமுறைகள் இங்கே விளக்கப்பட்டுள்ளன.

முகப்பரு எவ்வாறு உண்டாகிறது?

தோலின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் இவை கூடுதலாக எண்ணெயைச் சுரக்கின்றன. இறந்த தோல் செல்கள் இந்த எண்ணெயுடன் கலந்து துளைகளை அடைக்கும்போது வெண்புள்ளிகளும் கரும்புள்ளிகளும் தோன்றுகின்றன. அடைபட்ட துளைக்குள் பாக்டீரியா பெருகி அழற்சி ஏற்படும்போது அது சிவந்த பருவாகவோ சீழ்ப்பருவாகவோ மாறுகிறது. முகம் கழுவாமையோ அசுத்தமோ இதற்கு முதன்மையான காரணம் அல்ல.

மருந்து எவ்வாறு செயல்படுகிறது?

ட்ரெட்டினாயின் தோல் செல்கள் புதுப்பிக்கப்படுவதை விரைவுபடுத்துகிறது. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் துளைகளை அடைப்பதைத் தடுக்கிறது. அதாவது, இன்று தெரியும் பருவைவிட, தோலுக்கடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பருக்களின் மீதே இது முக்கியமாகச் செயல்படுகிறது. இதனால்தான் பருவின் மீது மட்டும் தொட்டு வைக்காமல், பரு வரக்கூடிய பகுதி முழுவதும் பூச வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது. இம்மருந்து 0.025, 0.05, 0.1 விழுக்காடு போன்ற வீரியங்களில் கிடைக்கிறது. பெரும்பாலும் குறைந்த வீரியத்திலிருந்தே சிகிச்சை தொடங்கப்படும்.

பயன்படுத்துவதற்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

- கர்ப்பமாக இருத்தல், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுதல், தாய்ப்பால் ஊட்டுதல்
- கரப்பான் போன்ற தோல் நோய்கள், வெயிலால் ஏற்பட்ட தோல் புண்
- தற்போது பயன்படுத்தும் பிற கிரீம்கள், சோப்புகள், நாட்டு மருந்துகள்
- முன்பு முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் பூசியிருந்தால் அதன் பெயரும் கால அளவும்
- பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் மிகையான முடி வளர்ச்சி

கர்ப்ப காலத்தில் ட்ரெட்டினாயினைப் பயன்படுத்தக் கூடாது. சிகிச்சையின்போது கர்ப்பம் உறுதியானால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

பூசும் முறை

1. இரவு உறங்கச் செல்லும் முன் பூசவும். சூரிய ஒளி இம்மருந்தின் வீரியத்தைக் குறைக்கும்.
2. மென்மையான சோப்பு அல்லது முகக்கழுவியால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்கவும். தேய்க்க வேண்டாம்.
3. தோல் முழுமையாக உலர 20 முதல் 30 நிமிடங்கள் காத்திருக்கவும். ஈரத்தோலில் பூசினால் எரிச்சல் அதிகரிக்கும்.
4. முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு போதுமானது. நெற்றி, கன்னங்கள், முகவாய் ஆகிய இடங்களில் சிறு புள்ளிகளாக வைத்து மெல்லிய படலமாகப் பரப்பவும்.
5. கண்களைச் சுற்றிய பகுதி, மூக்கின் ஓரங்கள், உதடுகள், வாயின் மூலைகள், காயங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
6. பூசிய பின் கைகளைக் கழுவவும்.

கூடுதலாகப் பூசுவதால் விரைவில் குணமாகாது. எரிச்சல் மட்டுமே கூடும். ஓர் இரவு பூச மறந்துவிட்டால் மறுநாள் வழக்கமான அளவையே பூசவும். ஜெல் வடிவ மருந்துகள் சிலவற்றில் ஆல்கஹால் இருப்பதால், பூசிய உடனே அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் அருகே செல்ல வேண்டாம்.

முதல் 12 வாரங்களில் எதிர்பார்க்கக் கூடியவை

முதல் 2 முதல் 4 வாரங்களில் தோல் வறட்சி, இலேசான சிவப்பு, உரிதல், எரிச்சல் ஆகியவை ஏற்படலாம். தோலுக்கடியில் இருந்த பருக்கள் வெளிப்படுவதால், பருக்கள் அதிகரித்தது போலவும் தோன்றலாம். இது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதன் அடையாளம் அன்று. பெரும்பாலானோருக்கு 8 முதல் 12 வாரங்களில் முன்னேற்றம் தெரியத் தொடங்கும்.

எரிச்சல் தொந்தரவு தருமானால், மருத்துவரின் ஆலோசனையுடன் பின்வரும் வழிகளைக் கையாளலாம்:

- ஒரு நாள் விட்டு ஒரு நாள், அல்லது வாரத்திற்கு இரண்டு மூன்று இரவுகள் மட்டும் பூசித் தொடங்கி, தோல் பழகிய பின் தினமும் பூசுதல்
- மருந்துக்கு முன்போ பின்போ, துளைகளை அடைக்காத ஈரப்பதமூட்டும் கிரீமைப் பூசுதல்
- சொரசொரப்பான ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகியவற்றை முகத்தில் பூசாதிருத்தல்

வெயிலிலிருந்து பாதுகாப்பு

இம்மருந்து பூசும் காலத்தில் தோல் வெயிலால் எளிதில் பாதிக்கப்படும். மாநிறம், கருநிறத் தோல் உடையவர்களுக்குப் பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி தங்குவது இயல்பு. வெயிலும் எரிச்சலும் அதனை மேலும் கருமையாக்கும். பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைப் பூசவும். குடை, தொப்பி ஆகியவற்றைப் பயன்படுத்தவும். மருந்து பூசும் பகுதியில் வேக்ஸிங், பிளீச்சிங் போன்றவற்றைத் தவிர்க்கவும். தோல் கிழிந்து புண்ணாக வாய்ப்புண்டு.

பிற மருந்துகளுடன் சேர்த்துப் பயன்படுத்துதல்

பென்சாயில் பெராக்சைடு ட்ரெட்டினாயினின் சில வகைகளைச் சிதைக்கக்கூடும். இரண்டும் பரிந்துரைக்கப்பட்டிருப்பின், பெரும்பாலும் ஒன்றைக் காலையிலும் ட்ரெட்டினாயினை இரவிலும் பூசுமாறு மருத்துவர் கூறுவார். கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்புப் பூச்சு மருந்தை நீண்டகாலம் தனித்துப் பயன்படுத்தினால், பாக்டீரியா அம்மருந்திற்குப் பழகிவிடும். எனவே அது வேறொரு மருந்துடன் இணைத்தே வழங்கப்படுகிறது.

எச்சரிக்கை: ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள்

மங்கு எனப்படும் முகக் கருமைக்கான சில கிரீம்களில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என மூன்று மருந்துகள் கலந்துள்ளன. இவற்றுள் மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. ட்ரெட்டினாயின் என்ற பெயர் உறையில் இருப்பதாலேயே அது முகப்பரு மருந்து ஆகிவிடாது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் ஆகியனவும் ஸ்டீராய்டுகளே.

இவற்றைப் பூசியதும் சிவப்பு மறைந்து முகம் சில நாட்களில் வெளுத்துத் தெளிவது போல் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிதல், இரத்த நாளங்கள் வெளியே தெரிதல், முடி வளர்தல், புதிய பருக்கள் கூட்டமாகத் தோன்றுதல் ஆகியவை ஏற்படும். நிறுத்தினால் கடும் சிவப்பும் எரிச்சலும் உண்டாவதால், மீண்டும் அதையே பூசும் நிலைக்குப் பலர் தள்ளப்படுகின்றனர். இத்தகைய ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்பதற்கு 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை விதித்தது.

மருந்துக் கடையில் வாங்கும்போது, சீட்டில் உள்ள பெயரும் உறையில் உள்ள மருந்துப் பொருள்களும் ஒன்றாக உள்ளனவா எனச் சரிபார்க்கவும். மாற்று மருந்து தரப்பட்டால் மருத்துவரிடம் கேட்ட பின்னரே பயன்படுத்தவும். ஏற்கெனவே நீண்ட நாட்களாக ஸ்டீராய்டு கிரீம் பூசி வருபவர்கள், அதனை எவ்வாறு நிறுத்துவது என்பதைத் தோல் நோய் மருத்துவரிடம் கேட்டறியவும்.

பராமரிப்பாளர்களுக்கு

- பருக்களைக் கிள்ளுவதாலும் பிதுக்குவதாலும் நிலையான தழும்பு ஏற்படும் என்பதைப் பொறுமையுடன் எடுத்துக் கூறவும்.
- முதல் மாதத்தில் பலன் தெரியவில்லை எனப் பிள்ளைகள் சோர்வுறலாம். 12 வாரங்கள் வரை ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.
- தோற்றத்தைக் குறித்த கேலி, ஒப்பீடு ஆகியவற்றைத் தவிர்க்கவும். பள்ளி செல்ல மறுத்தல், தனிமையை நாடுதல், தொடர்ந்த மனச்சோர்வு ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் கூறவும்.
- ஒருவருக்குத் தரப்பட்ட மருந்தை மற்றொருவர் பயன்படுத்த வேண்டாம்.
- மருந்தைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத, வெப்பமும் வெளிச்சமும் படாத இடத்தில் வைக்கவும். குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பின்வருவன ஏற்பட்டால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகவும்:

- கொப்புளம், நீர் கசிதல், கடும் எரிச்சல்
- முகம், கண் இமை, உதடு வீங்குதல். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் உடனே 108 எண்ணை அழைக்கவும்.

பின்வரும் நிலைகளில் மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் ஆலோசனை பெறவும்:

- 12 வாரங்களுக்குப் பின்னும் முன்னேற்றம் இல்லாமை
- வலியுடன் கூடிய பெரிய கட்டிகள், தழும்புகள் உருவாகத் தொடங்குதல்

பெரிய கட்டிகளுக்குப் பூச்சு மருந்து மட்டும் போதாமல் போகலாம். தழும்பு விழுந்த பின் அதனை நீக்குவதைவிட, விழாமல் தடுப்பது எளிது. எனவே காலம் தாழ்த்த வேண்டாம். பருக்கள் குறைந்த பின்னும் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும்.

இத்தகவல் பொதுவான விழிப்புணர்வுக்கானது; மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அன்று.