சேற்றில் பிறந்த ஷூக்கள்

1951-இல் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி ஜீன்ஸ் துணி உடையில் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் ஓட்டலுக்குப் போய் அறை கேட்டார். இந்தக் கோலத்தில் வருபவருக்கு இடமில்லை என்று வரவேற்பாளர் கையை விரித்துவிட்டார். ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் அறை கிடைத்தது. செய்தி கேள்விப்பட்ட லீவைஸ் நிறுவனம் அவருக்காகவே ஜீன்ஸ் துணியில் ஒரு விருந்துக் கோட்டைத் தைத்து, இதை அணிந்து வருபவரை உள்ளே விடலாம் என்று ஓட்டல்காரர்களுக்கு ஓர் அறிவிப்பையும் அதன் உள்பக்கத்தில் சேர்த்துத் தைத்தது. இன்று வங்கி அதிகாரி ஜீன்ஸும் பழுப்பு லெதர் ஷூவுமாக அலுவலகம் வந்தால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன என்று இதற்கு வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெறும் தளர்ச்சிதான் காரணம் என்றால் எல்லா ஷூவும் ஜீன்ஸோடு ஒரே மாதிரி பொருந்தியிருக்க வேண்டும். பளபளக்கும் கறுப்பு பேட்டன்ட் லெதர் ஷூவை வெளுத்த ஜீன்ஸுக்குக் கீழே போட்டால், கல்யாண ரிசப்ஷனிலிருந்து பாதி உடை மாற்றிக்கொண்டு ஓடிவந்தவர் போலிருக்கும். துளை வேலைப்பாடுள்ள பழுப்பு புரோக் ஷூ போட்டவரைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அந்தந்த ஷூ எங்கே பிறந்து யார் காலில் வளர்ந்தது என்ற வரலாறுதான் இந்த வேறுபாட்டை உண்டாக்கியது என்பது என் வாதம்.

ஜீன்ஸோடு எளிதாகச் சேரும் ஷூக்களின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் வயலும் சேறும் கடற்கரையும்தான் வருகின்றன. புரோக்கின் முன்னோடி, அயர்லாந்திலும் ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் குடியானவர்கள் அணிந்த முரட்டுத் தோல் காலணி. சதுப்பு நிலத்தில் நடக்கும்போது உள்ளே புகும் தண்ணீர் வடிவதற்காக அதில் துளையிட்டார்கள் என்பார்கள். ஆங்கிலேயப் பிரபுக்கள் வேட்டைக்கும் கோல்ஃபுக்கும் அதைத் திருத்தி எடுத்துக்கொண்டபோது துளைகள் அலங்காரமாக மட்டும் எஞ்சின. பின்னாளில் எட்டாம் எட்வர்டாக அரியணை ஏறிய வேல்ஸ் இளவரசர் கோல்ஃப் மைதானத்தில் அணிந்து அதற்கு மவுசு கூட்டினார். லோஃபரின் கதை இன்னும் அண்மையது. நார்வேயின் மேற்குப் பகுதியில் ஆவ்ர்லாந்து என்ற ஊரில், 1930-ஐ ஒட்டி, நில்ஸ் ட்வெராங்கர் என்ற காலணித் தொழிலாளி லேஸ் இல்லாத எளிய ஷூ ஒன்றைச் செய்தார். 1936-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜி.எச். பாஸ் நிறுவனம் அதே பாணியில் ‘வீஜன்ஸ்’ லோஃபரை விற்கத் தொடங்க, அது கல்லூரி மாணவர்களின் காலில் ஏறியது. டெர்பி ஷூவில் லேஸ் கட்டும் இரு மடல்களும் மேல்தோலின் மீது வைத்துத் தைக்கப்பட்டு விரிந்து திறக்கும். பாதம் அகலமானவருக்கும் அவசரத்தில் மாட்டுபவருக்கும் வசதி. நெப்போலியன் காலத்துப் பிரஷ்யத் தளபதி புளூஹர் தன் சிப்பாய்களுக்கு இந்த அமைப்பில் பூட்ஸ் கொடுத்தார் என்பது இத்தொழிலில் தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. ஆக்ஸ்போர்ட் ஷூவில் அதே மடல்கள் மேல்தோலுக்கு அடியில் போய் ஒட்டி மூடிக்கொள்ளும். மெலிந்த, இறுக்கமான வடிவம். லண்டன் உத்தியோகஸ்தரின் கறுப்பு சூட்டோடும் மாலை விருந்து உடையோடும் அது பிணைந்தது அதனால்தான். ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில் ஏற்றுமதிக்கு ஷூ தைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மேல்தோலை வெட்டும்போதே தெரிந்துவிடும்.

ஜீன்ஸ் வந்த வழியும் இதுவே. ரீனோ நகரத்துத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் சான் பிரான்சிஸ்கோ துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கியது, உழைப்பாளியின் கால்சட்டைப் பை கிழியாமலிருக்கச் செப்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு. அன்றைய துணி துவைத்தால் சுருங்கும். அதனால் நீளமாக வாங்கி, மிஞ்சியதைக் கீழே மடித்துவிட்டார்கள். சுருங்காத துணிக்கான சான்ஃபோரைசிங் முறை 1930-ஐ ஒட்டி வந்த பிறகும் மடிப்பு மறையவில்லை. அந்தக் கனத்த மடிப்புக்குக் கீழே மெலிந்த ஷூ தொலைந்துபோகும். தடித்த சோலும் அகலமான முன்பகுதியும் உள்ளதுதான் தாக்குப்பிடிக்கும்.

தடித்த துணிக்குத் தடித்த ஷூ என்ற கண்ணளவு போதாதா, வரலாற்றை எதற்கு இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்தத் தடிமன் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் பதில். சுரங்கத்திலும் சதுப்பிலும் உழைத்தவர்களின் தேவைதான் இரண்டுக்கும் அந்த உடல்வாகைக் கொடுத்தது. அணிபவருக்குப் பூர்வீகம் மறந்துபோகலாம், பொருளின் வடிவம் அதைச் சுமந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: கருநீல ஜீன்ஸுக்குக் கறுப்பு ஆக்ஸ்போர்ட் போட்டு நன்றாகவே தோன்றியவர்கள் உண்டே? உண்டு. ஆனால் அவர்கள் போட்டிருந்தது எந்த ஜீன்ஸ் என்று பார்க்க வேண்டும். 1970-களின் இறுதியில் கால்வின் கிளைன் போன்றவர்கள் ஜீன்ஸை உடலோடு ஒட்டி வெட்டி, கந்தலும் வெளுப்பும் இல்லாமல் விற்றார்கள். அங்கே ஜீன்ஸ்தான் கால்சட்டை வேடம் போட்டுக்கொண்டு ஷூவை நோக்கிப் போயிற்று. என் வாதத்துக்கு அது துணைதான்.

அப்படியானால் கான்வாஸ் ஷூவே போதுமே, லெதர் எதற்கு? இங்கேதான் அலுவலகம் குறுக்கிடுகிறது. 1966-இல் ஹவாயில் தொடங்கிய, வெள்ளிக்கிழமைகளில் சாதாரண உடையில் வரும் சலுகை அமெரிக்காவெங்கும் பரவியபோது எதை அனுமதிப்பது என்று நிறுவனங்கள் குழம்பின. 1992-இல் லீவைஸ் ஒரு வழிகாட்டிக் கையேட்டை ஆயிரக்கணக்கான மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. துணி விற்பவரே விதியை எழுத, அதை நாகரிகம் என்று அலுவலகங்கள் ஏற்றுக்கொண்டன! கீழே உழைப்பாளி உடை வந்தபோதும், மேலே கோட்டும் காலில் லெதரும் ஜாமீன் நின்றன. அந்த ஜாமீன் எவ்வளவு தூரம் செல்லும் என்பது 2024 டிசம்பரில் நியூயார்க் உலக ரேபிட் சதுரங்கப் போட்டியில் தெரிந்தது. மாக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸில் வந்ததற்காக 200 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உடனே மாற்ற மறுத்துப் போட்டியிலிருந்து விலகினார். சட்டையும் கோட்டும் போட்டு ஷூவைக்கூட மாற்றியதாகவும், ஜீன்ஸ் பற்றி நினைக்கவே இல்லை என்றும் பின்னர் சொன்னார். சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின் துணைத் தலைவரான நம் விஸ்வநாதன் ஆனந்த் விதியின் பக்கம் நின்றார். இரண்டு நாளில், கோட்டோடு பொருந்தும் ஜீன்ஸ் அணியலாம் என்று சம்மேளனம் இறங்கிவந்தது. அதே போட்டியில் விளையாட்டு ஷூ போட்டு அபராதம் வாங்கிய இயான் நெபோம்னியாச்சி பேசாமல் ஷூவை மாற்றிக்கொண்டு வந்து ஆடினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஜீன்ஸுக்குக் கிடைத்த மன்னிப்பு கோட்டை முன்வைத்துக் கிடைத்தது. நெபோம்னியாச்சியின் விளையாட்டு ஷூவுக்கு அப்படி மன்னிப்பு கிடைக்கவில்லை.

ஆகவே வேலைக்கு ஜீன்ஸில் போக நினைப்பவர் ஷூவிலிருந்து தொடங்கட்டும். பழுப்பு டெர்பி, புரோக், லோஃபர் மூன்றில் எதுவானாலும் கருநீல ஜீன்ஸோடு தயங்காமல் போடலாம். பேட்டன்ட் லெதர் விருந்துக்கு இருக்கட்டும், கறுப்பு ஆக்ஸ்போர்ட் சூட்டுக்கு.