எழுத மறுத்த கை: கூரத்திலிருந்து ஒலிப்பதிவுக் கல்வியைப் பார்த்தல்

கூரம் செப்பேட்டை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் போருக்காகவே வாசித்திருக்கிறார்கள். சாளுக்கிய விக்கிரமாதித்தன் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் புலவன் பெருமையடித்துக்கொள்ளும் இடம் அது. ராஜா ஓடினது போகட்டும். ஏழாம் நூற்றாண்டின் அந்தச் சாசனத்தில் என்னை நிறுத்திவைப்பது வேறொரு செய்தி. கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவருக்கு ஒரு பங்கு. அதே மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுப்பதற்கு இன்னொரு பங்கு. குரலுக்கு நிலத்தால் விலை குறித்திருக்கிறார்கள். விலை செம்பில் நின்றுவிட்டது, குரல் காற்றோடு போய்விட்டது. இந்த இடைவெளியில்தான் 'ஒலிப்பதிவு' என்கிற விஷயத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

கூரத்துக்கு இன்னொரு ஒலிக்கதையும் உண்டு. கூரத்தாழ்வான் வீட்டில் அன்னதானம் முடிந்து ராத்திரி கதவு சாத்துகிற சத்தம், காஞ்சிபுரத்துக் கோயிலுக்குள்ளேயே கேட்டதாம். பெருந்தேவித் தாயார் 'அது என்ன சத்தம்'னு விசாரித்தாராம். அதைக் கேள்விப்பட்ட ஆழ்வான் வெட்கப்பட்டு, சொத்தையெல்லாம் விட்டுவிட்டு ராமானுஜரிடம் போய்விட்டார் என்கின்றன வைணவ குருபரம்பரைக் கதைகள். அதே ஆள் போதாயன விருத்தியை இரவோடு இரவாக வாசித்து மனத்தில் ஏற்றிக்கொண்டவர். ஓலை பறிபோன பிறகும் பிரதி அவருக்குள் இருந்தது. ராமானுஜர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதியவரும் அவரே. சொல்வது தனக்கு உடன்பாடில்லை என்றால் எழுத்தை நிறுத்திவிட வேண்டும், இதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. ஆன்மாவின் இயல்பு 'அறிகிற தன்மை' மட்டுமே என்பதுபோல ராமானுஜர் ஓரிடத்தில் சொல்ல, ஆழ்வானின் கை நின்றுவிட்டது. ஆன்மா இறைவனுக்கு உரியது என்பது விட்டுப்போனதாக அவர் நினைத்தார். குரு கோபத்தில் உதைத்தார், பிறகு யோசித்து, சீடன் பக்கமே சரி என்று ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதைகள் நடந்தவையா என்பது என் கேள்வியல்ல. பதிவு செய்கிறவன் யார் என்பது பற்றி ஒரு சமூகம் என்ன கற்பனை வைத்திருந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் கற்பனையில் பதிவாளன் வெறும் கை அல்ல. அவனுக்குக் காதும் புத்தியும் உண்டு, மறுக்கிற உரிமையும் உண்டு (உதையும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்).

இயந்திரம் வந்தபோது இது உடைந்தது. 1902இல் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து இறங்கிய பிரெட் கெய்ஸ்பெர்குக்கு இங்கத்திய மொழிகளும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய் அச்சாகும், அங்கே இருக்கிறவர்களுக்கு யார் பாடினது என்று தெரிய வேண்டுமே. புரியாமலேயே பதிவு செய்ய முடியும் என்பது அன்றைக்கு ஒரு பெரிய சாதனை. காலனியத்துக்கு மிக வசதியான சாதனையும்கூட. இந்தப் புதுவகைக் காது எதற்கும் உடன்பட வேண்டியதில்லை, மறுக்கவும் தெரியாது.

பேசும்படம் வந்த பிறகு வேலை ஸ்டுடியோவுக்குள்ளேயே கைமாறிக் கைமாறிக் கற்றுக்கொள்வதாக இருந்துச்சு. 1934இல் சென்னையில் எடுக்கப்பட்ட 'ஸ்ரீநிவாச கல்யாணம்' படத்தின் ஒலிப்பதிவாளர் மீனா நாராயணன். ஸ்டுடியோ முதலாளி ஏ. நாராயணனின் மனைவி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று இன்றைக்கு அவரைச் சொல்கிறோம். கல்லூரி வாசல் இல்லாத காலத்தில் ஒரு பெண் இந்தத் தொழிலுக்குள் நுழைய குடும்பம்தான் வாசலாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1945இல் கல்லூரி வாசல் திறந்தது. எங்கே? சென்னை மத்திய பாலிடெக்னிக்கில். ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் அங்கே பட்டயப் படிப்புகள். பிற்பாடு தரமணித் திரைப்படக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தின் பிறப்பிடம் அது. சங்கீதம் ஒரு கட்டடத்தில், மைக் இன்னொரு கட்டடத்தில் என்று அப்போதே பிரிந்தாயிற்று. உள்ளே வர இயற்பியல் படித்திருக்க வேண்டும். காது எப்படிப்பட்டது என்று கேட்பாரில்லை. 'டெக்னீஷியன்' என்கிற சொல் இங்கே வெறும் தொழிற்பெயர் அல்ல, ஒரு படிநிலை. கலைஞன் சொல்வான், டெக்னீஷியன் செய்வான்.

இதற்கு ஓராண்டு கழித்து, 1946இல், இசையமைப்பாளர் ஷோன்பெர்க் சிகாகோ பல்கலைக்கழக வேந்தருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஒலிப்பதிவாளருக்கு இசையும் கற்பிக்க வேண்டும், இயற்பியலும் இயந்திரவியலும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் யோசனை. 1949இல் ஜெர்மனியின் டெட்மோல்டில் 'டோன்மைஸ்டர்' படிப்பு இந்த வழியில் தொடங்கியது. அமெரிக்காவில் பால்டிமோரின் பீபாடி இசைப்பள்ளி ஒலிப்பதிவுக் கலையில் இளங்கலையையும் ஒலியறிவியலில் முதுகலையையும் இணைத்து ஐந்தாண்டுப் படிப்பாகத் தருகிறது. சேர வேண்டுமானால் முதலில் ஒரு வாத்தியத்தை வாசித்துக் காட்ட வேண்டும். ஆழ்வானின் உரிமையைப் பாடத்திட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவருகிற முயற்சி என்று இதை வாசிக்கலாம். இங்கே 2010களில் தரமணிப் பட்டயம் நான்காண்டுப் பட்டமாக உயர்ந்தது. ஒலிப்பதிவு படித்தவருக்குக் கிடைக்கிற பட்டத்தின் பெயர்: 'காட்சிக்கலை இளங்கலை'! காதுக்கென்று ஒரு பட்டத்தின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

அப்படியானால் பீபாடியை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுவிடலாமா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 'இசை தெரிந்தவர்' என்று இங்கே சொன்னவுடன் வந்து உட்காருவது சபா சங்கீதம். கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசித்த குரல் போய்விட்டது, ஆனால் பாரதம் போகவில்லை. எங்க பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம் என்று அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பங்கு நிலம் எழுதிக் கொடுத்த ராஜா எவனுமில்லை, ஊர் வரிதான். அந்தக் கூத்தின் முகவீணை உச்சத்தில் போகிறபோது, கச்சேரிக்குப் பழகிய காது மட்டத்தைக் குறைக்கச் சொல்லும். கட்டியங்காரன் பேசும்போது கூட்டம் எழுப்புகிற சத்தத்தை 'இரைச்சல்' என்று வெட்டும். அந்தச் சத்தமும் பிரதியின் பகுதிதான் என்று தெரிந்த கை வேறு மாதிரி மைக் வைக்கும்.

இணைப்புப் படிப்பு என்பது நமக்குப் புதுசும் அல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், 2002 முதல் 2020 வரை பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒரே கூரையின்கீழ் கற்பித்தது. பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அப்படிப்பட்ட ஓரிடத்திலிருந்து வருகிற பையனோ பெண்ணோ முகவீணையைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்தாண்டு ஒலிப்பதிவுப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்குப் போய் நிற்கட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் அந்த வாத்தியத்தைக் கேட்டு மதிப்பெண் போடத் தெரிந்தவர் யார்?