இசைக்கூடத்தில் இரு மொனிற்றர்கள்

மொனிற்றர் என்னும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. எச்சரித்தல், நினைவூட்டல் என்பன அதன் பொருள். ஒலிபரப்பு நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இச்சொல் ஒலிபெருக்கியைக் குறித்து வழங்கிவந்தது. பதிவாகும் குரலில் பிசிறு உண்டா, வாத்தியம் குரலை மூடுகின்றதா என்பவற்றைப் பொறியியலாளருக்குச் செவிவழியே உணர்த்துவது அதன் தொழில். தொலைக்காட்சியும் கணினியும் தோன்றியபின் திரையும் அதே பெயரைப் பெற்றது. இன்று வீட்டின் ஓர் அறையை இசைக்கூடமாக்கிக் கொண்ட கலைஞரின் மேசையில் இவ்விரு மொனிற்றர்களும் அருகருகே நிற்கின்றன. ஒன்று செவிக்கு உரியது. மற்றையது கண்ணுக்கு உரியது. இரண்டும் வேண்டி நிற்பதோ ஒரே இடத்தை. அந்த இடத்தின் வரலாறு சுவையானது மட்டுமன்று. இசை பயில்வோருக்குப் பயனுடையதும் ஆகும்.

இரு ஒலிபெருக்கிகளைக் கொண்டு ஓசைக்கு இடமும் திசையும் தரலாம் என்னும் கருத்துக்கு உரிமைப் பத்திரம் கோரியவர் அலன் புளும்லெயின் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். ஆண்டு 1931. தம் கருத்து உலகெங்கும் பரவியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1942 ஆம் ஆண்டில், போர்க்கால ராடர்க் கருவி ஒன்றைச் சோதிக்கச் சென்ற விமானம் வீழ்ந்து அவர் உயிர் நீத்தார். இருவழி ஒலியுடைய இசைத்தட்டுக்கள் கடைகளுக்கு வந்தது 1958 ஆம் ஆண்டளவிலேயே. அன்று முதல் கூடங்களில் ஒரு விதி நிலைத்தது. இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரின் தலையும் முக்கோணம் ஒன்றின் மூன்று மூலைகளில் அமைய வேண்டும். மூன்று பக்கங்களும் சமமாக இருத்தல் நன்று. இம்முக்கோணம் சிதைந்தால் நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அக்காலக் கூடத்தில் பொறியியலாளருக்கு முன்னே விரிந்து கிடந்தது பெரிய கலப்பு மேசை. அதற்கு அப்பால் ஒரு கண்ணாடிச் சாளரம். சாளரத்துக்கு அப்பால் கலைஞர்கள். கண்ணுக்கு வேலை இருந்தது. ஆனால் அது கண்டது மனிதரை. 1978 இல் யப்பானிய யமஹா நிறுவனம் வீட்டுப் பாவனைக்கென வெளியிட்ட, வெண்ணிறக் கூம்பு கொண்ட என்.எஸ். 10 என்னும் சிறு ஒலிபெருக்கி, இக்கலப்பு மேசைகளின் மேல் ஏறி அமர்ந்து உலகப் புகழ் பெற்றது. செவிக்குரிய மொனிற்றர் இவ்வாறு கேட்பவரின் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்து சேர்ந்தது.

கணினி இசையுலகில் குறிப்பிடத்தக்க ஓர் அடியை எடுத்து வைத்தது 1957 இல். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்தியூஸ் எழுதிய கட்டளைத் தொகுதியைக் கொண்டு, ஐ.பி.எம். 704 என்னும் பேரியந்திரம் 17 செக்கன் நீளமான ஓர் இசைத்துண்டைக் கணித்துத் தந்தது. எனினும் இசைக்கலைஞரின் கைக்கருவியாகத் திரை மாறியது 1979 இல் எனலாம். அவ்வாண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீற்றர் வோகல், கிம் றைறி என்னும் இருவர் உருவாக்கிய பெயார்லைற் என்னும் கருவி வெளிவந்தது. அதன் பச்சைத் திரையில் ஒளிப்பேனாவால் ஒலியலையை வரையலாம். வரைந்ததை விசைப்பலகையில் வாசிக்கலாம். செவியால் மட்டுமே அறியப்பட்ட ஓசை அன்று கண்முன் கோடாகக் கிடந்தது.

பெயார்லைற் செல்வந்தரின் கருவி. எளியோரின் இல்லத்துக்குத் திரையைக் கொணர்ந்தவை வேறு. 1983 இல் மிடி என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1985 இல் வெளிவந்த அற்றாரி எஸ்.ரி. என்னும் கணினி, மிடி வாயில்களைத் தன் உடலிலேயே கொண்டிருந்தது. 1989 இல் ஜேர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் கியூபேஸ் என்னும் செயலியை அதற்கு ஆக்கியளித்தது. அதில் காலம் இடமிருந்து வலமாக ஓடியது. வாத்தியங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டன. பாட்டு முழுவதையும் ஒரு படம்போல் நோக்கும் பழக்கம் அதனோடு பரவியது. இல்லத்தை அடுத்த சிறு கூடத்திலும் பெரும்பணி ஆற்றலாம் என்பதற்குத் தமிழுலகிலேயே சான்றுண்டு. 1992 இல் வெளிவந்த ரோஜா திரைப்படத்தின் இசை, சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த கூடத்தில் உருவானதே.

திரை ஒன்றே பலவாகியதற்கும் காரணம் உண்டு. 1987 இன் மக்கின்ரோஷ் 2 கணினியில் பல திரைகளை இணைத்து ஒரே பரப்பாக்க முடிந்தது. 1991 இல் வெளிவந்த புரோ ரூல்ஸ், ஒலியை வெட்டி ஒட்டுவதற்கு ஒரு பகுதியும் கலந்து சமன்செய்வதற்கு மற்றொரு பகுதியும் கொண்டிருந்தது. இரண்டையும் ஒருசேரக் காண விரும்பியவர் இரு திரைகளை நாடினார். விண்டோஸ் 98 வந்தபின் சாதாரணக் கணினியிலும் ஒன்பது திரைகள் வரை இணைக்க வழி பிறந்தது.

அன்றைய திரைகள் பாரமான கண்ணாடிக் குழாய்கள். ஒலிபெருக்கியின் காந்தம் அருகே இருந்தால் அவற்றின் படம் வளைந்தது, நிறம் கறைபட்டது. திரையின் காந்தப் புலமோ மின்கித்தாரில் இரைச்சலாய்ப் புகுந்தது. வாசிப்பவர் இரைச்சல் அடங்கும் திசை நோக்கித் திரும்பி அமர வேண்டியிருந்தது. இவ்வாறு இரு மொனிற்றர்களும் ஒன்றையொன்று விலக்கியே வைத்தன. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் தட்டைத் திரைகள் பெருகின. காந்தச் சிக்கல் நீங்கியது. இரண்டும் நெருங்கி நின்றன. அந்த நெருக்கத்திலிருந்தே புதிய தீங்கு பிறந்தது.

திரையின் முகம் ஒலியைத் திருப்பி வீசும் சுவர். ஒலிபெருக்கியிலிருந்து நேரே செவிக்கு வரும் ஓசையோடு, திரையில் பட்டுத் திரும்பும் ஓசையும் சற்றுப் பிந்திச் சேர்கின்றது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வது. திரும்பிய ஓசை 17 சென்ரிமீற்றர் மிகுதியாகப் பயணித்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 1000 அதிர்வுகளையுடைய சுரம் நலிவடையும். 3000, 5000 அதிர்வுகளிலும் அவ்வாறே. மனிதக் குரலின் தெளிவு பெரிதும் தங்கியிருக்கும் பகுதி இதுவன்றோ? குறை குரலில் இல்லை, மேசையில் உள்ளது என்பதை அறியாத கலைஞர் குரலைத் திருத்த முற்படுவார். அவ்வறையில் இனிதாய் ஒலித்த பாடல் பிறர் வீட்டு வானொலியில் கரகரக்கும்.

ஆகவே அனுபவமுடையோர் முதலில் ஒலிபெருக்கிகளுக்கு இடம் தருவர். எஞ்சிய இடமே திரைகளுக்கு. முதன்மைத் திரை நடுவில், ஒலிபெருக்கிகளின் முகப்பு வரிசைக்குச் சற்றுப் பின்னே நிற்கும். அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தை மீறாது. இரு திரைகளைச் சரிசமமாக அருகருகே வைத்தால் அவற்றின் பொருத்து நேர் நடுவில் விழும். கழுத்து நாள் முழுதும் ஒரு பக்கம் திரும்பி நோகும். ஒலிபெருக்கிகளும் அகலத் தள்ளப்பட்டு முக்கோணம் கெடும். அடிக்கடி நோக்க வேண்டாதவற்றுக்கான இரண்டாம் திரை, ஒலிபெருக்கிக்கு வெளிப்புறமாகவோ முதல் திரைக்கு மேலே சுவரிலோ அமைதல் தகும். சோதனையும் எளிது. இருக்கையில் அமர்ந்திருக்க, மற்றொருவர் சிறு கண்ணாடி ஒன்றைத் திரைமுகத்தின்மேல் நகர்த்த வேண்டும். அதில் ஒலிபெருக்கி தென்படும் இடமெல்லாம் ஓசை திரும்பும் இடம். திரையைச் சற்றுச் சாய்த்தாலோ பின் நகர்த்தினாலோ அத்திரும்பல் செவியை விட்டு விலகும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒன்று எஞ்சுகின்றது. திரையில் அலைவடிவம் ஒழுங்காகத் தோன்றினால் இசையும் ஒழுங்காக உள்ளது என்று மனம் நம்பிவிடுகின்றது. கோடுகள் சீராக நிற்கும், பாட்டு உயிரற்றிருக்கும். இதனை உணர்ந்த கலைஞர், பணி முடியும் வேளையில் திரைகளை அணைத்துவிட்டு இருளில் அமர்ந்து ஒருமுறை கேட்பர். ஒலிபெருக்கிகளோடு அமையும் முக்கோணத்தின் மூன்றாம் மூலையில் வைக்கப்பட்டது கண்ணன்று, செவியே. பாடலைப் பெறப்போகும் நேயரும் அதனைக் காணப்போவதில்லை, கேட்கவே போகின்றார்.